விசிறி இல்லாத பெட்டி

செருப்பு அலமாரியின் மேல்தட்டு.
அகலம் ஒரு சாண், உயரம் நான்கு விரல்.
அதற்குள் அடங்க வேண்டும்
இந்த வீட்டுக் காவல்.

தட்டுக்குப் பின்னால் சுவர்,
சுவருக்குப் பின்னால் என் தலையணை.
அதனால் விசிறி கூடாது.
ரீகாவில் ஒரு செவிப் பரிசோதனை அறையில்
பகலெல்லாம் பிறர் காதை அளக்கிறவள் நான்.
இருபது டெசிபல் எவ்வளவு சிறியது என்று தெரியும்.
இரவு மூன்று மணிக்கு அது
எவ்வளவு வளர்ந்துவிடும் என்றும் தெரியும்.

முதலில் பார்த்தது வங்கி கழித்துக்கட்டிய கணினி.
மலிவுதான். கம்பி நுழைய ஒரே துளை.
வெளியே ஒன்று, உள்ளே ஒன்று,
இரண்டு வேண்டாமா நடுவில் நிற்கிறவனுக்கு?
"யுஎஸ்பியில் இன்னொன்று சொருகிக்கொள்ளுங்கள்" என்றான் கடைக்காரன்.
சொருகிய கதவு
உருவவும் வரும்.

அடுத்தது நான்கு துளை அலுமினியம்,
முதுகெல்லாம் வரிவரியாகச் செதில், சத்தமே இல்லை.
கப்பலில் வந்து சேர ஏழு வாரம்.
ஏழு வாரம்
என்னால் ஆகாது.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு பலகைக் கணினியும் இருந்தது.
அதன் நினைவட்டை ஒரு குளிர்காலம் தாங்காது என்றார்
எங்கள் மருத்துவமனைக் கணினிகளைப் பார்க்கும் வில்னிஸ்.
"வீட்டில் எத்தனை பேர்?"
"ஒன்று. வாரத்தில் பாதி நாள் இரண்டு."
அதற்கு மேல் கேட்கவில்லை அவர்.
எத்தனை வாட் குடிக்கும் என்ற பேச்சுக்குப்
போய்விட்டார்.

சனிக்கிழமை லட்கலீடே சந்தை, காலடியில் கரைந்த பனிச்சேறு.
துருப்பிடித்த சமோவாருக்கும் ஒற்றை ஸ்கேட்டுக்கும் நடுவே
மூடிப்போன மருந்துக்கடையின் கல்லாப்பெட்டிக் கணினி.
மூன்று ஸ்ப்ராட் மீன் டப்பா அடுக்கிய பருமன்.
இரண்டு துளை. ஒன்பது வாட். விசிறி இல்லை.
நெற்றியில் இன்னும் ஒட்டியிருந்தது
'ரசீது வாங்க மறக்காதீர்கள்'.
முப்பத்தைந்து யூரோ கேட்டான், முப்பது கொடுத்தேன்.
ரசீது தரவில்லை.

பழைய ரவுட்டர் நோர்முண்ட்ஸ் வைத்தது.
கடவுச்சொல் அவனுக்குத் தெரியும், எனக்குச் சொன்னதில்லை.
வேலி பயிரை மேய்கிறதா என்று
வேலியிடமா விசாரிப்பது?
நவம்பர் முழுக்க இரவானால் ஹீட்டர்
தானாகப் பதினாறுக்கு இறங்கியது.
என் மறதி என்றுதான் நினைத்தேன்.
மாத்திரைகூட வாங்கினேன் மறதிக்கு,
நல்ல விலை.

ஞாயிறு மாலை ரவுட்டரைக் கழற்றினேன்,
பெட்டியை எழுப்பினேன்.
தீச்சுவர் என்று பெயர். தீயும் இல்லை, சுவரும் இல்லை.
ஒரு பட்டியல், அவ்வளவுதான்,
மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகும்,
முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும்.
கடைசி வரியை முதலில் எழுதினேன்:
யாரும் வேண்டாம்.

22:40. ஆற்றின் அக்கரையிலிருந்து ஒரு முகவரி.
ஹீட்டரின் கதவில் தட்டல்.
22:41. தட்டல்.
22:43.
மாத்திரை டப்பாவை எடுத்துக்
குப்பைக்கூடையில் போட்டேன்.

ஆனால் அதே முகவரியிலிருந்துதான் மதாராவும் வருவாள்,
புதன் முதல் சனி வரை,
பியானோப் பதிவுகளை இங்குள்ள வட்டில் போட்டுவைக்க,
போன வாரம் தப்பிய இடத்தை மறுபடி கேட்டுப் பார்க்க.
முகவரியைப் பூட்டினால் அவளும் வெளியே.
ஆகவே அவளுடைய டேப்லெட்டுக்கு மட்டும் ஒரு சாவி,
அந்தச் சாவிக்கு ஒரே ஓர் அறை.
பட்டியலின் முதல் வரி அவளுக்கு.

பெட்டி இன்னும் ஒன்று கேட்டது.
தட்டுகிறவனுக்கு என்ன செய்ய:
மறுக்கவா, கைவிடவா?
மறுத்தால் 'இல்லை' என்றொரு பதில் அவனிடம் போகும்.
கைவிட்டால் எதுவும் போகாது,
இங்கே ஒரு வீடு இருப்பதுகூட.
பதினோரு வருடம் இல்லை என்று சொன்னவள் நான்.
ஒவ்வோர் இல்லைக்கும்
அவனிடம் ஓர் அடுத்த கேள்வி இருந்தது.

கைவிட்டேன்.

ஒலிமானியை அலமாரிமேல் வைத்துப் பார்த்தேன்,
தொழில் புத்தி.
கேட்டதெல்லாம் சமையலறை ஃபிரிட்ஜ்.
பெட்டியின் நெற்றி மட்டும் கைக்கு
இளஞ்சூடாக இருந்தது.
22:40.